காலத்திற்கா, காலத்திற்குள்ளா? ஒரு சட்டச் சொல்லின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

சட்டத்தை இயற்றுவது நாடாளுமன்றம். அதற்குப் பொருள் கூறுவது நீதிமன்றம். எழுதியவர் மனத்தில் ஒன்றை வைத்து எழுதியிருக்கலாம். ஆயினும் வழக்கு என்று வந்துவிட்டால், அவர் மனத்தில் இருந்தது எடுபடாது; ஏட்டில் இருப்பதே எடுபடும். தலாக் விடப்பட்ட பெண்ணின் வாழ்வாதாரம் குறித்து நம் நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்குகளின் வரலாற்றைப் பார்த்தால், அது ஏறக்குறைய மூன்று நான்கு சொற்களின் வரலாறாகவே இருக்கக் காண்கிறோம். ஒவ்வொரு முஹல்லாவின் தஃப்தரோடும் தொடர்புடைய செய்தி இது என்பதால், இம்மலரில் அதனைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சொல்லும் நோக்கமும்

சொல்லை அப்படியே கொள்வதா, அதன் நோக்கத்தைக் கொள்வதா என்னும் வினா நமக்குப் புதியதன்று. அகழ்ப்போர் முடிந்த வேளையில், பனூ குறைழா குடியிருப்பைச் சென்றடைந்த பின்னரே அஸர் தொழ வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைப் பணித்த நிகழ்ச்சி, புகாரி ஷரீஃபில் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ளது. வழியிலேயே தொழுகை நேரம் வந்துவிட்டது. விரைந்து செல்லுங்கள் என்பதே கட்டளையின் கருத்து எனக் கொண்டு ஒரு சாரார் வழியில் தொழுதனர். சொல்லப்பட்டபடியே அங்குச் சென்றுதான் தொழுவோம் என்று மறு சாரார் சென்றனர். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் எட்டியபோது இரு சாராரில் எவரையும் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. உஸூலுல் ஃபிக்ஹ் என்னும் பெருங்கலை இத்தகைய வினாக்களுக்கு விடை காண எழுந்ததேயாகும்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்களிலும் இதே வினா எழுந்தது. 1584ஆம் ஆண்டின் ஹெய்டன் வழக்கில், ஒரு சட்டத்திற்குப் பொருள் காண்பவர் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும் என்று வகுத்தனர்: சட்டம் வருமுன் நிலைமை என்ன? அதிலிருந்த கேடு யாது? அதற்கு மன்றம் கண்ட மருந்து யாது? அம்மருந்தின் உண்மையான காரணம் என்ன? கேட்டை அடக்கி மருந்தை வளர்க்கும் பொருளையே கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. இதனுடன், சட்டத்தின் எந்தச் சொல்லையும் வீண் சொல்லாக்கிப் படிக்கக்கூடாது என்பதும் நீதிமன்றங்களின் பழைய நெறி. ஒரு பேச்சைப் பாழாக்குவதைவிட அதற்குப் பயன் தரும்படிப் பொருள் கொள்வதே மேல் என நம் ஃபிகஹ் மேதைகள் வகுத்த விதியும், உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டத்தில் இடம்பெற்ற விதியும் இதுவே.

நமது பகுதியின் நிலை

கீழவாஞ்சூரிலிருந்து நடந்தே நாகூருக்குள் சென்றுவிடலாம். ஆயினும் நம் முன்னோர் காலத்தில் அந்த எல்லைக்கு அப்பால் ஓர் ஆட்சி, இப்பால் ஓர் ஆட்சி. காரைக்கால் பகுதியை ஆண்ட பிரெஞ்சு அரசு 1819 ஜனவரி 6ஆம் நாள் பிறப்பித்த ஆணை, இங்குள்ள மக்களை அவரவர் சட்டங்கள், வழக்கங்களின்படியே நீதி விசாரிக்க வேண்டும் என்றது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி நடைமுறையில் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் சட்டப்படியும் கைமாறியது. அதன் பின் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கும் வந்தன. இன்று எல்லைக்கு இருபுறமும் உயர் நீதிமன்றம் சென்னையிலுள்ளதே. நாம் பார்க்கப்போகும் சட்டங்களும் இருபுறத்திற்கும் பொதுவானவை. நாகூர் மாப்பிள்ளையும் வாஞ்சூர்ப் பெண்ணும் இவ்விஷயத்தில் ஒரே சட்டத்தின் கீழ்தான் உள்ளனர்.

‘மனைவி’ என்னும் சொல்

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆவது பிரிவு, கைவிடப்பட்ட மனைவிக்கு ஜீவனாம்சம் பெறும் உரிமையை அளித்தது. ஆனால் ‘மனைவி’ என்றால் மனைவிதான். தலாக் சொல்லிவிட்டால் அவள் மனைவியல்லள். ஆகவே உரிமையும் அற்றுப்போகும். வழக்குத் தொடுத்த மனைவியைத் தலாக் விட்டே வழக்கை முடித்த கணவர்களும் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் புதிய சட்டம் 125ஆவது பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தது: மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யாதிருப்பவளும் ‘மனைவி’ என்பதில் அடங்குவாள். இந்தச் சிறு விளக்கமே பெரிய மாற்றத்தின் தொடக்கம்.

இதற்கு எதிர்ப்பு எழவே, 127ஆவது பிரிவில் ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. தனிச் சட்டப்படியோ வழக்கப்படியோ மணவிலக்கின்போது தரவேண்டிய தொகை முழுவதையும் அவள் பெற்றுவிட்டால், ஜீவனாம்ச ஆணையை ரத்துச் செய்யலாம் என்பதே அது. மஹரைக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று கணவர்கள் வாதிட்டனர். 1978, 1980ஆம் ஆண்டுகளில் வந்த இரு வழக்குகளில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அவள் பிச்சையெடுக்கும் நிலைக்குச் செல்லாமல் காப்பதே சட்டத்தின் நோக்கம். ஆகவே ஜீவனாம்சத்திற்கு ஈடாகும் அளவுள்ள தொகையே விலக்குக்குப் போதுமானது, பெயரளவிலான தொகை போதாது என்றார். ஹெய்டன் வழக்கின் நெறி இங்கே தெளிவாகத் தெரிகிறது.

இத்தீர்ப்புகள் சரிதானா என்ற ஐயத்தை 1981இல் எழுப்பியவர்கள் நீதிபதி முர்தஸா ஃபஸல் அலி அவர்களும், தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜன் அவர்களும் ஆவர். வினாவைப் பெரிய ஆயத்திற்கு அவர்கள் அனுப்பினர். அந்த வழக்கே ஷாபானு வழக்கு.

‘மதாஃ’ என்னும் சொல்

இந்தூரைச் சேர்ந்த ஷாபானு அம்மையாருக்கு 1932இல் ஒரு வழக்கறிஞருடன் திருமணமாயிற்று. 1975இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டு மனுச் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் கணவர் தலாக் விட்டார். மாதம் 25 ரூபாய் என்று கீழ் நீதிமன்றம் விதித்தது. 1980இல் உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதனை எதிர்த்துக் கணவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1985 ஏப்ரல் 23ஆம் நாள், தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் ஆயம் கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

125ஆவது பிரிவு எல்லா மதத்தவர்க்கும் பொது என்று கூறி அத்தீர்ப்பு நின்றிருக்கலாம். நிற்காமல், அல்பகரா அத்தியாயத்தின் 241ஆவது வசனத்திற்கும் பொருள் கூறிற்று. தலாக் விடப்பட்ட பெண்களுக்கு முறைப்படி ‘மதாஃ’ உண்டு என்பது அவ்வசனத்தின் கருத்து. இச்சொல்லை ஆங்கிலத்தில் சிலர் ‘மெயின்டனன்ஸ்’, அதாவது ஜீவனாம்சம் என்றும், சிலர் ‘புரொவிஷன்’, அதாவது ஏற்பாடு என்றும் பெயர்த்துள்ளனர். அது ஏற்பாட்டையே குறிக்கும், தொடர்ந்து தரும் ஜீவனாம்சத்தைக் குறிக்காது என்று கணவர் தரப்புக்குச் சார்பாக வாதம் வைக்கப்பட்டது. அதை வேறுபாடற்ற ஒரு வேறுபாடு என்று நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் தேவைப்படும்.

ஆலிம்கள் அன்று கொதித்தெழுந்ததற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. 1897இலேயே லண்டன் பிரிவி கவுன்சில், ஒரு விதவையின் ஜீவனாம்ச வழக்கில், ஹிதாயா போன்ற தொன்மையான நூல்களின் தெளிவான முடிவுக்கு மாறாக நீதிபதிகள் தாமே குர்ஆன் வசனத்திற்குப் பொருள் கூறப் புகுவது தவறு என்று தடுத்திருந்தது. அந்த அணையை 1985இன் தீர்ப்பு தாண்டியது என்பதே அவர்களது முறையீடு.

ஆயினும் நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், கூடி வாழ்ந்த பின் தலாக் விடப்பட்ட பெண்ணுக்கும், மஹருக்கு மேலாக, முத்ஆ என்னும் ஆறுதல் பொருள் அளிப்பது வாஜிப் என்பதே வலுவான சொல். அளவில் உடன்பாடு ஏற்படாவிடில், இருவரின் நிலையையும் நோக்கிக் காழி தீர்மானிப்பார். ஹனஃபி மத்ஹபில், மஹர் நிர்ணயிக்கப்படாமலும் கூடி வாழாமலும் தலாக் விடப்பட்டவளுக்கு அது வாஜிப், ஏனையோருக்கு விரும்பத்தக்கது. முத்ஆ என்பது ஒருமுறை தரும் பொருளே, மாதந்தோறும் தரும் ஜீவனாம்சமன்று என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்களின் தலாக் பஞ்சாயத்துகளில் ‘முத்ஆ’ என்ற சொல் எத்தனை முறை ஒலித்திருக்கிறது என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பழைய தஃப்தரைப் புரட்டிப் பார்க்கட்டும்.

1986ஆம் ஆண்டுச் சட்டம்

எதிர்ப்பின் விளைவாக 1986 மே 19ஆம் நாள் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஷாபானு தீர்ப்பை இச்சட்டம் நீக்கிவிட்டது என்றே மகிழ்ந்தவர்களும் வருந்தியவர்களும் ஒருசேர எண்ணினர். ஆனால் அதன் 3ஆவது பிரிவு சொல்வது என்ன? மணவிலக்கு அடைந்தவளுக்கு, ‘நியாயமான, தக்க ஏற்பாடும் ஜீவனாம்சமும்’, இத்தா காலத்திற்குள், முன்னாள் கணவனால் செய்யப்பட்டுக் கொடுக்கப்பட வேண்டும். அத்துடன், பிள்ளைகளை அவளே பராமரித்தால் அவர்கள் பிறந்த நாளிலிருந்து ஈராண்டுகளுக்கு அதற்கான தொகை, மஹர், திருமணத்தின்போதும் முன்னும் பின்னும் அவளுக்குத் தரப்பட்ட பொருள்கள் யாவும் அவளுக்குரியவை.

இங்கே ஆங்கிலச் சட்டத்திலுள்ள சொல் ‘விதின்’. தமிழில் ‘காலத்திற்குள்’. ‘காலத்திற்கு’ என்று இருந்திருந்தால், இத்தாவின் மூன்று மாதங்களோடு பொறுப்பு முடிந்தது. ‘காலத்திற்குள்’ என்றால் என்ன? பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா கொடுத்துவிட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அது கொடுப்பவருக்கான தவணை. அந்த அரிசியை வாங்கிய ஏழை பெருநாளைக்குள் உண்டு தீர்த்துவிட வேண்டும் என்று எவரும் பொருள் கொள்ள மாட்டார். கொடுக்க வேண்டிய தவணை வேறு. கொடுத்தது எத்தனை நாளைக்கு என்பது வேறு.

இவ்வேறுபாட்டை முன்வைத்து 1988இல் கேரள, குஜராத் உயர் நீதிமன்றங்கள், எதிர்கால வாழ்வுக்கான ஏற்பாட்டை இத்தாவுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பதே சட்டம் என்றன. 1990இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், இத்தா காலத்திற்கு மட்டுமே என்று பெரும்பான்மையாகக் கூறிற்று. ஒரே சட்டம், ஒரே சொல்; ஆனால் மாநிலத்துக்கு ஒரு பொருள்.

2001ஆம் ஆண்டுத் தீர்ப்பு

ஷாபானு அம்மையாருக்காக வாதாடிய வழக்கறிஞர் டேனியல் லதீஃபி, இச்சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்குத் தொடுத்தார். 2001 செப்டம்பர் 28ஆம் நாள் ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. அதனை எழுதியவர் நீதிபதி எஸ். ராஜேந்திர பாபு. சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. எப்படிச் செல்லும் என்பதில்தான் செய்தி இருக்கிறது.

சட்டத்தில் ‘ஏற்பாடு’, ‘ஜீவனாம்சம்’ என இரு சொற்கள் உள்ளன; ‘செய்யப்பட்டு’, ‘கொடுக்கப்பட்டு’ என இரு வினைகளும் உள்ளன. எதுவும் வீணன்று. ஆகவே கணவனுக்குக் கடமை இரண்டு: ஏற்பாடு செய்தல் ஒன்று, ஜீவனாம்சம் கொடுத்தல் ஒன்று. ‘இத்தா காலத்திற்குள்’ என்பது அவற்றை நிறைவேற்றும் தவணையேயன்றி, அவை நீடிக்கும் கால எல்லையன்று. ஏற்பாடு அவளது எதிர்காலத்தை, அவள் மறுமணம் செய்யும் வரையுள்ள வாழ்வை, நோக்கியதாக இருக்கலாம். மேலும் ஒரு சட்டத்திற்கு இரு பொருள் கூடுமானால், அரசியலமைப்போடு பொருந்தும் பொருளையே கொள்ள வேண்டும் என்பது நெறி. மற்றப் பெண்களுக்குள்ள பாதுகாப்பை முஸ்லிம் பெண்ணுக்கு மட்டும் மறுக்கும் பொருளைக் கொண்டால் சட்டமே விழுந்துவிடும். இப்பொருளைக் கொண்டால் நிற்கும்.

இப்போது 1985ஐ நினைவுகூருங்கள். ஏற்பாடு வேறு, ஜீவனாம்சம் வேறு என்ற வாதம் அன்று கணவனின் பொறுப்பைக் குறைப்பதற்காக எழுந்தது. நீதிமன்றம் அதை மறுத்தது. 2001இலோ அதே வேறுபாட்டை நீதிமன்றம் ஏற்றது. அதனால் பொறுப்பு குறையவில்லை, வளர்ந்தது. ஒரு சொல் சட்டமாகிவிட்ட பின் அது எழுதியவருக்குச் சொந்தமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வக்ஃபு வாரியமும் ஒரு வழக்கும்

இத்தாவுக்குப் பின்னும் தன்னைத் தாங்கிக்கொள்ள இயலாதவளுக்கு, முதலில் பிள்ளைகள், பிறகு பெற்றோர், பிறகு அவளிடம் வாரிசுரிமை பெறக்கூடிய உறவினர், யாருக்கும் வசதியில்லையெனில் மாநில வக்ஃபு வாரியம் என 4ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. தமிழ்நாடு வக்ஃபு வாரியம் மேல்முறையீடு செய்த ஒரு வழக்கில், உறவினர் ஒவ்வொருவர் மீதும் அவள் முதலில் தனித்தனியே வழக்குத் தொடுத்துத் தோற்ற பின்னரே வாரியத்திடம் வர வேண்டும் என்று வாதிடப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உறவினரின் இயலாமையை ஒரே மனுவில் மெய்ப்பித்து, அதே மனுவில் வாரியத்திடமும் கேட்கலாம் என்றது. பசித்தவளைப் படிப்படியாக ஏறி வா என்பது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போது பழைய 125ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்யலாமா என்ற வினா எஞ்சியிருந்தது. ‘வேறெந்தச் சட்டத்தில் எது இருந்தபோதிலும்’ என்று 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு தொடங்குவதால், 125ஆவது பிரிவு அடைபட்டுவிட்டது என்று தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கில் வாதிடப்பட்டது. 2024 ஜூலை 10ஆம் நாள் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசிஹ் இருவரும் தனித்தனித் தீர்ப்பெழுதி ஒரே முடிவுக்கு வந்தனர். அத்தொடர் கூடுதல் உரிமை ஒன்றைத் தருகிறது. முன்பிருந்த உரிமையைப் பறிக்கவில்லை. இரு வழிகளில் எதனையும் அவள் நாடலாம். 125ஆவது பிரிவின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு வந்துள்ளது. அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் அதே மாதத்தில் கூடி இத்தீர்ப்பைத் தன்னால் ஏற்க இயலாது எனத் தீர்மானித்தது. கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆயினும் தீர்ப்பு நடைமுறையில் உள்ளது.

நமக்குரிய படிப்பினை

ஜமாஅத் பெரியோர்களே! ‘இத்தா செலவு கொடுத்து முடிந்தது, இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்னும் வாசகம் பல ஊர்களின் தஃப்தர்களில் காலங்காலமாக எழுதப்பட்டு வருவது. அதை எழுதியதும் விவகாரம் தீர்ந்ததாக எண்ணுகிறோம். மேலே கண்ட வரலாற்றின்படி அது தீரவில்லை. எதிர்கால ஏற்பாடு எங்கே என்று ஒரு மாஜிஸ்திரேட் கேட்டால், அவ்வாசகத்தில் விடையில்லை. 1880ஆம் ஆண்டின் காழிகள் சட்டம் காழிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதனையும் அளிக்கவில்லை. அதனைச் சுட்டி, காழிகள் தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியதும் நாம் அறிந்ததே. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது என்பதோடு தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

ஆகவே நம் தஃப்தரில் இனி ஐந்து செய்திகளைத் தனித்தனியே எழுதுமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்: மஹர் எவ்வளவு, எப்போது கொடுக்கப்பட்டது, நகை, சீர்வரிசை எவை திருப்பித் தரப்பட்டன, இத்தா கால ஜீவனாம்சம் எவ்வளவு, எதிர்காலத்திற்கான ஏற்பாடு என்ன, பிள்ளைகளுக்கு என்ன. தேதியும் தொகையும் எண்ணாலும் எழுத்தாலும் இருக்கட்டும். தகப்பனாரோ சகோதரரோ மட்டும் கையெழுத்திடுவது போதாது. வாசகத்தைப் படித்துக் காட்டி அப்பெண்ணின் கையெழுத்தையும் பெறவேண்டும். நான்காவது இடம் வெறுமையாக இருக்குமானால், அந்த வெறுமையை எழுதியவர், சாட்சியிட்டவர் அனைவரும் பார்க்கட்டும்.

இது நீதிமன்றத்திற்கு அஞ்சிச் செய்ய வேண்டியதன்று. முறையோடு வாழ வைத்தல் அல்லது நன்மையோடு விடுவித்தல் என்ற இறைக்கட்டளையை நிறைவேற்றும் வழியே இது. நாம் நம் மத்ஹபின் முத்ஆவை மறவாமல் கொடுத்து வந்திருந்தால், ‘மதாஃ’வுக்குப் பொருள் கேட்டு எத்தனையோ பெண்கள் நீதிமன்றப் படியேறியிருக்க மாட்டார்கள்.

நம் எழுத்திலும் பேச்சிலும் நீதியை நிலைநாட்டவும், பலவீனர்களின் உரிமையைப் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.